27 அங்குல 4கேயா, 34 அங்குல அல்ட்ராவைடா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். மொழிபெயர்ப்பு உங்கள் தொழில், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் திரைக்கு முன்னால் போகிறது. இரவில் அதே மேசையில் படம், வாரக் கடைசியில் கொஞ்சம் கேம். இப்போது இருப்பது 24 அங்குல முழு ஹெச்டி மானிட்டர். அதற்குப் பதிலாக ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று 27 அங்குல 4கே, ஐபிஎஸ் பேனல், 60 ஹெர்ட்ஸ். மற்றது 34 அங்குல வளைந்த அல்ட்ராவைட், அதாவது கூடுதல் அகலத் திரை, 3440×1440, விஏ பேனல், 144 ஹெர்ட்ஸ். (ஐபிஎஸ், விஏ என்பவை திரைப் பலகையின் இரண்டு வகைகள். ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்.) எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, “மாலை ஆனால் எழுத்து கலங்கித் தெரிகிறது, பெரிய திரை வாங்கினால் சரியாகுமா” என்று, எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது.

அச்சகங்களுக்கும் பிழைதிருத்தம், மொழிபெயர்ப்பு நடக்கும் அலுவலகங்களுக்கும் திரை தேர்ந்தெடுத்து, நிறம் சீராக்கிக் கொடுப்பதைப் பதினாறு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். கண் மருத்துவம் படித்தவன் அல்ல. இருந்தாலும் முதலில் கண்ணைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். மாலையில் எழுத்து கலங்குவதற்குத் திரைதான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடும், கண் உலரும், எழுத்து கலங்கும். கண்ணாடியின் பவர் மாறியிருந்தாலும் இதே கதைதான். புதுத் திரை வாங்கியும் போகாத கலக்கம், கண்ணாடி மாற்றியதும் போனதை என் வாடிக்கையாளர்கள் இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறேன். ஆகவே பணத்தை எடுக்கும் முன் கண்ணை ஒருமுறை காட்டிவிடுங்கள். போகும்போது, உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்துகொண்டு போங்கள். படிக்கும் கண்ணாடிக்குப் பொதுவாகப் புத்தகம் பிடிக்கும் தூரமான 40 சென்டிமீட்டரை வைத்துத்தான் பவர் பார்ப்பார்கள். மானிட்டர் அதைவிடத் தள்ளியே இருக்கும்.

சரி, திரைக்கு வருவோம். 34 என்ற எண் 27-ஐ விடப் பெரியது என்பதால் எல்லாப் பக்கமும் பெரிதாக இருக்கும் என்று தோன்றும். அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது, அதனால் வரும் மயக்கம் இது. 27 அங்குலத் திரை சுமார் 60 சென்டிமீட்டர் அகலம், 33.6 உயரம். அந்த 34 அங்குலத் திரை சுமார் 80 சென்டிமீட்டர் அகலம், 33.3 உயரம். உயரம் இரண்டிலும் ஒன்றுதான். அல்ட்ராவைட் என்பது 27 அங்குலத் திரைக்கு இரண்டு பக்கமும் பத்துப் பத்து சென்டிமீட்டர் ஒட்டிவிட்டது போல. கடையில் தனித்தனியாகப் பார்க்கும்போது இது தெரியாது. வீட்டில் பழைய செய்தித்தாளை இந்த அளவுகளில் வெட்டிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள், சட்டென்று புரியும்.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கிறது. 27 அங்குல 4கே திரையில் ஓர் அங்குலத்துக்கு 163 பிக்சல். அதை அப்படியே வைத்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், யாரும் படிக்க முடியாது. அதனால் விண்டோஸில் 150 சதவீதம் ஸ்கேலிங் வைப்போம், அதாவது எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டச் சொல்வோம். அப்படி வைத்ததும் வேலை செய்யக் கிடைக்கும் இடம் 2560×1440 திரையில் கிடைப்பதற்குச் சமமாகிவிடும். அல்ட்ராவைடில் அங்குலத்துக்கு 110 பிக்சல், அங்கே ஸ்கேலிங் 100 சதவீதமே போதும். கணக்குப் போட்டால் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றே. ஆக, உயரம் ஒன்று, எழுத்தின் அளவு ஒன்று. 4கே திரையில் அதே எழுத்தை வரைய இரண்டேகால் மடங்கு பிக்சல்கள் இருக்கின்றன, அல்ட்ராவைடில் பக்கவாட்டில் 20 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கிறது. எழுத்து வேலையைப் பொறுத்தவரை நீங்கள் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டில் ஒன்றைத்தான். பேனல், ஹெர்ட்ஸ் எல்லாம் அப்புறம்.

அந்த இரண்டேகால் மடங்கு கண்ணுக்குத் தெரியுமா? தூரத்தைப் பொறுத்தது. கண் பரிசோதனையில் 6/6 வாங்கும் ஒருவரால் பிரித்தறிய முடிகிற மிகச் சிறிய கோணம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது 0.175 மில்லிமீட்டர். 4கே திரையில் ஒரு பிக்சல் 0.156 மில்லிமீட்டர், அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. அல்ட்ராவைடில் 0.23 மில்லிமீட்டர். அது அடங்க வேண்டுமானால் நீங்கள் 80 சென்டிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். இது கோடு கிழித்தாற்போன்ற எல்லை இல்லை, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியும் என்று தயங்காமல் சொல்வேன்.

தமிழில் வேலை செய்பவருக்கு இன்னும் அதிகமாகத் தெரியும். ஆங்கில எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடும் அரைவட்டமும். நம் எழுத்தில் சுழி, கொம்பு, கால், புள்ளி எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். 11 பாயிண்ட் அளவில் வைத்த எழுத்துருவுக்கு அல்ட்ராவைடில் கிடைக்கும் உயரம் மொத்தம் 15 பிக்சல் அளவுதான். 4கேயில் அதே இடத்தில் 22. ணகரத்துக்கும் னகரத்துக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு சுழி. மெய்யெழுத்தின் மேல் இருக்கும் புள்ளி குறைந்த பிக்சலில் சாம்பல் நிறக் கறையாகக் கரைந்துவிடுகிறது. ஒரு பதிப்பகத்தில் பிழைதிருத்துபவர் ஒருவர் இருந்தார், முப்பது ஆண்டு அனுபவம். அச்சுத்தாளில் அவர் கண்ணுக்கு ஒரு பிழை தப்பாது, திரையில் மட்டும் ஒற்றுப்பிழைகளைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். வயதாகிவிட்டது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். உங்களிடம் இருப்பது போன்ற 24 அங்குலத் திரைதான், அங்குலத்துக்கு 92 பிக்சல். அதை எடுத்துவிட்டு 27 அங்குல 4கே வைத்தோம். மறுவாரம் போனபோது ‘புள்ளி தெரிகிறது’ என்று சொன்னார், வேறெதுவும் சொல்லவில்லை. ஓர் ஆளின் அனுபவம் ஆய்வாகிவிடாது. ஆனால் அன்றிலிருந்து எழுத்து வேலை செய்பவர்களுக்குப் பிக்சல் அடர்த்தியைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

நீங்கள் மேக் வைத்திருந்தால் ஒரு குறிப்பு. 2018-இல் வந்த மொஹாவி என்ற மேக் இயங்குதளத்திலிருந்து, அடர்த்தி குறைந்த திரைகளில் எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் பழைய முறையை ஆப்பிள் கைவிட்டது. அதனால் 110 பிக்சல் திரையில் மேக்கின் எழுத்து விண்டோஸில் தெரிவதைவிடச் சற்றுச் சோகையாகத் தெரியும். மேக் என்றால் 4கே பக்கம் தராசு இன்னும் சாயும்.

இனி அல்ட்ராவைடுக்காகப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் தொழிலில் அதற்கு வலுவான நியாயம் இருக்கிறது. மொழிபெயர்ப்பு என்றால் இடது பக்கம் மூலம், வலது பக்கம் உங்கள் வரைவு, நடுநடுவே அகராதி. 4கே திரையில் இரண்டு சாளரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 30 சென்டிமீட்டர், தாராளம். மூன்றாவதாக அகராதியை வைத்தால் நெருக்கடிதான். அல்ட்ராவைடில் மூன்றும் 26 சென்டிமீட்டர் வீதம் வசதியாக உட்காரும். ஒரு சாளரத்தின் மேல் இன்னொன்று ஏறி மறைக்கும் தொல்லை நாள் முழுக்க இல்லாமல் போவது பெரிய நிம்மதி. நானே இரண்டு ஆண்டுகள் அப்படி ஒரு திரையில் வேலை செய்தேன், அந்த அகலம் இன்றும் மனதில் நிற்கிறது. கூடவே, இடது ஓரத்தில் வைத்ததைப் படிக்கக் கழுத்து சற்றுத் திரும்பிக்கொண்டே இருந்ததும் நினைவிருக்கிறது. 60 சென்டிமீட்டரில் உட்கார்ந்தால் 80 சென்டிமீட்டர் அகலத் திரையின் ஓரம் நேர்ப்பார்வையிலிருந்து 30 பாகைக்கு மேல் தள்ளியிருக்கும். எப்போதாவது பார்க்கும் அகராதியை ஓரத்தில் வைக்கலாம். வரிக்கு வரி பார்க்க வேண்டிய மூலத்தை அங்கே வைக்கக் கூடாது.

பேனலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விஏ பேனல்களில் பல, கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறுவதில் மந்தமானவை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்து வேலை செய்யும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், பக்கத்தை உருட்டும்போது எழுத்தின் பின்னால் நிழல் இழுத்துக்கொண்டு வரும். எல்லா விஏயும் அப்படி இல்லை, புதியவற்றில் நல்லவை இருக்கின்றன. பெட்டியின் மேல் போட்டிருக்கும் 1 மில்லிசெகண்ட் என்ற எண்ணை வைத்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அது எப்படி அளக்கப்பட்டது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், தங்களுக்குச் சாதகமான அளவையே போடுவார்கள்.

படம் என்று வந்தால் கதை தலைகீழ். அகலத் திரைப் படங்கள் பெரும்பாலும் 2.39-க்கு 1 என்ற விகிதத்தில் எடுக்கப்படுகின்றன. அந்த அல்ட்ராவைடின் விகிதமும் கிட்டத்தட்ட அதேதான், ஆகவே படம் ஓரம்வரை நிறைகிறது. 27 அங்குலத் திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்து, படத்துக்கு 25 சென்டிமீட்டர் உயரமே மிஞ்சும். பரப்பளவில் அல்ட்ராவைடில் தெரியும் படம் முக்கால் பங்குக்கு மேல் பெரியது. அப்புறம் கறுப்பு. சாதாரண ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 1000-க்கு 1 அளவில் இருக்கும், விஏ 3000-க்கு 1 அளவில். விளக்கை அணைத்துவிட்டு இரவுக் காட்சி பார்க்கும்போது ஐபிஎஸ்ஸில் கறுப்பு சாம்பல் பூத்துத் தெரிவது அதனால்தான். மூலைகளில் மங்கலான வெளிச்சமும் கசியலாம். விஏயில் கறுப்பு கறுப்பாக இருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அறையில் விளக்கை அணைத்ததும் யாருக்கும் தெரியும்.

ஹெர்ட்ஸும் படத்துக்குக் கைகொடுக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. படம் நொடிக்கு 24 சட்டகம். 60-ஐ 24-ஆல் வகுத்தால் மீதி வருகிறது. அதனால் 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு சட்டகத்தை இரண்டு தரமும் அடுத்ததை மூன்று தரமும் காட்டி ஒப்பேற்றுகிறது. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் ஒரு சின்ன உதறல் தெரிவது இதனால். 144 என்பது 24-இன் ஆறு மடங்கு, ஒவ்வொரு சட்டகமும் சம நேரம் நிற்கும். சிலருக்கு இந்த உதறல் கண்ணில் படவே படாது. படுபவர்களுக்கு அதன்பின் அதைக் காணாமல் இருக்க முடியாது.

ஆனால் அல்ட்ராவைடில் படம் எப்போதும் நிறைந்து தெரியும் என்று நம்பி வாங்காதீர்கள். ஓடிடியில் சில படங்கள் கறுப்புப் பட்டையையும் சேர்த்தே 16-க்கு 9 சட்டத்தில் வருகின்றன. அப்போது அல்ட்ராவைடில் நான்கு பக்கமும் கறுப்பு, நடுவில் சின்னப் படம். உலாவியில் அதைப் பெரிதாக்கிக் காட்டும் நீட்சிகள் இருக்கின்றன, எல்லா இடத்திலும் வேலை செய்யாது. தொடர்கள், யூடியூப் என்று பார்ப்பதில் பெரும்பகுதி 16-க்கு 9 என்றால், அல்ட்ராவைடில் தெரிவது 27 அங்குலத் திரையில் தெரியும் அதே அளவுதான். இன்னொரு பக்கம், 4கே திரை வாங்கினால் படமெல்லாம் 4கேயில் வரும் என்பதும் உறுதி இல்லை. கணினியின் உலாவியில் பல சேவைகள் தெளிவைக் குறைத்தே அனுப்புகின்றன. சந்தா, செயலி, எந்த உலாவி, இணைப்பில் ஹெச்டிசிபி 2.2 என்ற நகல்தடுப்பு ஏற்பாடு இருக்கிறதா என்று பலதும் கூடி வர வேண்டும்.

கேமைப் பற்றிச் சுருக்கமாக. வேகமான ஆட்டம் என்றால் 144 ஹெர்ட்ஸ் நன்றாகவே தெரியும். ஒரு சட்டகம் 16.7 மில்லிசெகண்டுக்குப் பதில் 6.9 மில்லிசெகண்டில் வந்துவிடும். 4கேயில் வரைய வேண்டிய பிக்சல்களும் அல்ட்ராவைடை விட மூன்றில் இரண்டு பங்கு அதிகம், நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு மூச்சு வாங்கும். வாரத்துக்கு நான்கு மணி நேரம் நிதானமான ஆட்டம் ஆடுபவருக்கு இது முடிவை மாற்றும் விஷயம் இல்லை.

உறுதியாகச் சொல்ல முடியாதவை சில. வளைவு கண்ணுக்கு இதம் என்பார்கள். 80 சென்டிமீட்டர் அகலத்துக்கு வளைவு உதவுகிறது, விஏ பேனலின் ஓரங்களில் நிறம் மாறித் தெரிவதையும் குறைக்கிறது, அவ்வளவுக்கு ஒப்புக்கொள்வேன். கண் சோர்வைத் தடுக்குமா என்றால், நான் அமைத்துக் கொடுத்தவர்களில் பிடித்தவர்களும் உண்டு, நேர்கோடு வளைந்து தெரிகிறது என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. நீல ஒளியைக் குறைக்கும் என்ற முத்திரைக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்பதே அமெரிக்கக் கண் மருத்துவக் கழகத்தின் நிலைப்பாடு. ஹெச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் வித்தியாசம் காட்டும் முறை, அதில் ஹெச்டிஆர் 400 என்ற முத்திரையையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வரிசையில் கடைசிப் படி அது. வெளிச்சத்தைப் பகுதி பகுதியாகக் குறைக்கும் வசதி இல்லாத பேனலில் ஹெச்டிஆர் போட்டால் மொத்தத் திரையும் பளீரென்று ஆவதுதான் மிச்சம்.

இப்போது என் தேர்வு. நீங்கள் 60, 65 சென்டிமீட்டரில் உட்காருபவர் என்றால் 27 அங்குல 4கே வாங்குங்கள். கிட்டத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குக் கூர்மை வேண்டும், தள்ளி உட்கார்ந்து இருட்டில் பார்ப்பதற்குக் கறுப்பும் அகலமும் வேண்டும். ஒரே பேனலில் இவை எல்லாம் நல்லபடியாக அமைய வேண்டுமானால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் விலை போதாது. எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், எட்டு மணி நேரத்தை இரண்டு மணி நேரத்துக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதுவும் எழுத்து கலங்குகிறது என்று சொல்கிறவரிடம்.

மூன்றாவது சாளரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பழைய 24 அங்குலத் திரையை விற்காதீர்கள். அதன் தாங்கி சுழலும் என்றால், இல்லாவிட்டால் பின்பக்கம் நான்கு திருகுத் துளை இருந்து ஒரு மானிட்டர் கை வாங்கிப் பொருத்த முடியும் என்றால், அதைச் செங்குத்தாகத் திருப்பிப் பக்கத்தில் நிறுத்துங்கள். 30 சென்டிமீட்டர் அகலம், 53 உயரம், மூலப்பிரதியின் ஒரு முழுப் பக்கம் அப்படியே நிற்கும். பல மொழிபெயர்ப்பாளர்களுக்கு இப்படி அமைத்துக் கொடுத்திருக்கிறேன், ஒருவர்கூடப் பழையபடி மாற்றச் சொல்லவில்லை.

என் தேர்வு எப்போது மாறும் என்றும் சொல்ல வேண்டும். மேசை ஆழமாக இருந்து 80 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி உட்காருபவர் என்றால் 4கேயின் கூர்மை பெரும்பாலும் வீண், அல்ட்ராவைடே நல்லது. படம் பார்ப்பது மேசையில் இல்லை, கட்டிலில் சாய்ந்து இரண்டு மீட்டரிலிருந்து என்றாலும் படத்தைப் பொறுத்தவரை அதுவே மேல், அந்தத் தூரத்தில் இரண்டு திரையின் பிக்சலும் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் கணினி பழையது, திரையை இணைக்க ஹெச்டிஎம்ஐ 1.4 மட்டுமே இருக்கிறது என்றால், 4கே 30 ஹெர்ட்ஸில்தான் ஓடும். சுட்டியை நகர்த்தினாலே இழுபடும், அந்த நிலையில் 4கே வாங்காதீர்கள். 60 ஹெர்ட்ஸுக்கு ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளே போர்ட் வேண்டும். யூஎஸ்பி-சி துளை இருக்கிறதே என்றால், அது படத்தையும் வெளியே அனுப்பும் வகைதானா என்று கணினியின் கையேட்டில் பாருங்கள், எல்லாத் துளையும் அனுப்பாது. அல்ட்ராவைட் வாங்குவதானாலும் இதே கவனம் வேண்டும். ஹெச்டிஎம்ஐ 2.0-இல் அது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், 144-க்கு டிஸ்பிளே போர்ட் 1.4 கேபிள் போடுங்கள்.

எதை வாங்கினாலும் முதல் நாளே வெளிச்சத்தைக் குறையுங்கள். பெட்டியிலிருந்து வரும்போது அறைக்கு வேண்டியதைப் போல இரண்டு, மூன்று மடங்கு வெளிச்சத்தில் வரும். வெள்ளைத்தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, வெற்று ஆவணத்தின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்கட்டும். திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள், இருட்டறையில் முழுக் கறுப்புப் படம் ஒன்றைப் போட்டு ஓரக்கசிவைப் பாருங்கள். பிறகு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுச் செத்த பிக்சல் இருக்கிறதா என்று தேடுங்கள். கடைசியாக, நீங்கள் மொழிபெயர்த்த பக்கம் ஒன்றை வழக்கமான அளவில் திறந்து, மாலை ஆறு மணிக்கு, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் படியுங்கள். அப்போதும் புள்ளிகள் கலங்கினால் திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னும் கண் மருத்துவரைப் பார்க்கவில்லை என்றால் முதலில் அங்கே போங்கள்.